மீதிப் பேர்

“மேடம், நீங்க ஒரே ஒரு வார்த்தை ‘சரி’ன்னு சொல்லுங்க. எங்கண்ணன் கால் விரல் தப்பிச்சிரும்.”

கோமதிநாயகம் அப்படித்தான் வந்து நின்றார். கையில் ஓர் ஆய்வுக் கட்டுரை இருந்தது.

வந்து நின்றவருக்கு வயது நாற்பத்தெட்டு. பார்மசி கல்லூரியில் பல வருடம் பாடம் எடுத்துவிட்டு, இந்த வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வழிகாட்டி மரியபுஷ்பம் அவரைவிட ஏழு வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார். குரு யார், சீடர் யார் என்று பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் இல்லை.

“உக்காருங்க சார். அண்ணனுக்கு என்ன?”

“சுகர். வலது கால் பெருவிரல்ல புண்ணு. கறுத்துப் போச்சு. விரலை எடுத்துட்டா பாதம் தப்பும்ங்காரு சர்ஜன்.”

“எடுத்துர வேண்டியதுதானே?”

“அண்ணன் பஸ் டிரைவர் மேடம். பிரேக்கு, ஆக்சிலேட்டர் எல்லாம் வலது கால்லதான். விரல் போனா வண்டியும் போச்சுன்னு பிடிவாதமா இருக்காவ.”

“இந்தக் கட்டுரை என்ன சொல்லுது?”

கோமதிநாயகத்தின் முகம் மலர்ந்தது.

“புதுசா ஒரு ஜெல் மேடம். புண்ணு மேல தடவிக் கட்டணும். பன்னிரண்டு வாரம். பத்துல ஒம்பது பேருக்கு ஆறிட்டு. வெட்டவே வேண்டாம்.”

மரியபுஷ்பம் கட்டுரையை வாங்கிப் புரட்டினார்.

முதல் பக்கத்துச் சுருக்கம் முழுவதும் மஞ்சள் மை. கடைசிப் பக்கத்து முடிவுரை முழுவதும் மஞ்சள் மை. நடுவில் இருந்த பக்கங்கள் கசங்காமல் வெள்ளையாக இருந்தன.

கல்யாண வீட்டுக்குப் போய் வாசலில் சந்தனம் தொட்டுக்கொண்டு, பந்தியில் உட்காராமல் தாம்பூலப் பையோடு திரும்பி வருகிறவர்கள் உண்டு. படித்தவர்களில் பாதிப் பேர் கட்டுரையை அப்படித்தான் படிக்கிறார்கள். கேட்டால் கோபம் வேறு வரும்.

“நடுவுல வாசிச்சீங்களா சார்?”

“பார்த்தேன் மேடம்.”

“வாசிச்சீங்களா?”

“அதெல்லாம் வழக்கமா இருக்கிறதுதானே மேடம். எத்தனை பேரு, என்ன வயசு, எப்படிக் கட்டுனாங்க, அட்டவணை. முக்கியமானது மொதல்லயும் கடைசிலயும் இருக்கு.”

மரியபுஷ்பம் மேசை இழுப்பறையைத் திறந்தார். கத்தரிக்கோலை எடுத்தார்.

முதல் பக்கத்திலிருந்து தலைப்பையும் சுருக்கத்தையும் வெட்டினார். கடைசிப் பக்கத்திலிருந்து முடிவுரையை வெட்டினார். வெட்டியதை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மேடம்! என்ன பண்ணுதீங்க?”

“மிச்சத்தை வாசிச்சுட்டு வாங்க.”

“மிச்சத்துல என்ன இருக்கு?”

“அது எனக்கும் தெரியணும்லா சார்.”

“மேடம், இது சாதாரண இதழ் இல்லை. மூணு நிபுணர்கள் வாசிச்சுப் பார்த்துத்தான் போட்டிருக்காங்க.”

“சரி. நாலாவது ஆளா நீங்க வாசிங்க.”

“எழுதுனவங்க எல்லாரும் பெரிய டாக்டருங்க மேடம்.”

“புண்ணு அவங்க கால்ல இல்லையே சார்.”

மரியபுஷ்பம் அடுத்த மாணவியின் ஆய்வேட்டை எடுத்து விரித்துக்கொண்டார். அந்த அறையில் அதற்கு ‘போகலாம்’ என்று அர்த்தம்.

கோமதிநாயகம் நறுக்கப்பட்ட தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற இரண்டு மாணவர்கள் அந்தத் தாள்களைப் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கினான். அது அவர் கண்ணில் பட்டுவிட்டது.

*

ரோஷம் ஒரு மனிதனை என்னவெல்லாம் செய்யும் என்பதற்குக் கோமதிநாயகம் அந்த வாரம் செய்ததைச் சொன்னால் போதும்.

நறுக்கிய தாள்களைப் பையின் அடியில் தள்ளினார். கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். அதே கட்டுரையைப் புதிதாக இன்னொரு பிரதி எடுத்தார். சுருக்கத்தை மறுபடியும் வாசித்தார். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை வாசித்தார். இன்னும் நன்றாக இருந்தது.

நடுப்பக்கங்களைத் தொடவில்லை. நேற்று முளைத்தவர் எனக்குப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதா என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேடத்திடம் அவர் மறைத்த ஒன்று.

அண்ணன் சங்கரலிங்கத்தின் காலில் அந்த ஜெல்லைத் தடவ ஆரம்பித்து ஏற்கெனவே சில வாரங்கள் ஆகியிருந்தன.

கட்டுரை எழுதிய அதே குழு இரண்டாவது ஆய்வு ஒன்று நடத்திக்கொண்டிருந்தது. சேர்கிறவர்களுக்கு மருந்து இலவசம். கோமதிநாயகம்தான் அண்ணனைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்தார். அந்தக் குழுவிலிருந்து நிஷாந்தி என்ற பெண் வாரம் ஒரு முறை போன் செய்வாள். புண்ணின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்வாள். மரியாதையான பெண்.

ஆக, அவர் மேடத்திடம் போனது கேட்பதற்கு அல்ல. செய்துவிட்ட காரியத்துக்கு ஒரு ‘சரி’ வாங்குவதற்கு.

*

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் தலையணை மேல் இருந்தது.

“ஏல கோமதி, ஒம் மேடம் என்ன சொன்னாவ?”

“வாசிச்சுட்டு வரச் சொன்னாவ அண்ணே.”

“இன்னுமால நீ வாசிக்க? தலை நரைச்சுட்டு. பள்ளிக்கூடம் போன நாள்ல இருந்து வாசிக்கே.”

“கால் எப்படி இருக்கு?”

“மேல காஞ்சிட்டு. நிஷாந்திப் பிள்ளை போட்டோவைப் பார்த்துட்டு, நல்லா இருக்கு ஐயான்னு சொன்னா.”

“அப்ப ஆறுதுன்னு அர்த்தம்.”

“பொங்கலுக்கு முன்னால டூட்டில ஏறிரணும்ல. சும்மா படுத்துக் கிடக்கது சீக்குக்கு மேல பெரிய சீக்கா இருக்கு.”

கோமதிநாயகம் சந்தோஷமாகத் தலையாட்டினார். அப்போதுதான் வீட்டில் இருந்த புகை அவர் கண்ணை உறுத்தியது.

மதினி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே மதினி?”

“சும்மாதான்.”

“நேத்தும் போட்டீங்களே?”

மதினி தூபக்காலை எடுத்துக்கொண்டு அண்ணன் படுத்திருந்த அறைக்குள் போனாள். கட்டிலைச் சுற்றி வந்தாள். கால்மாட்டில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

ஏன் இந்தப் புகை என்று கோமதிநாயகம் தன்னிடம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

வெளியே வந்து, பையின் அடியில் கிடந்த நறுக்கிய தாள்களை எடுத்தார்.

*

சுருக்கம் இல்லாத கட்டுரையை அவர் அதுவரை வாசித்ததே இல்லை.

என்ன கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது. நல்லதா கெட்டதா என்று சொல்ல முன்னால் யாரும் இல்லை. தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் மாதிரி முழித்தார். ஒவ்வொரு வரியாகத்தான் போக முடிந்தது.

முதல் அட்டவணை வந்தது. ஆய்வில் சேர்ந்தவர்கள் நூற்றிருபது பேர்.

கடைசி அட்டவணை வந்தது. எண்பத்தொரு பேர்.

தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று முதல் அட்டவணைக்குத் திரும்பினார். நூற்றிருபதுதான். கடைசிக்குப் போனார். எண்பத்தொன்றுதான்.

திக்கென்றது.

பத்தில் ஒன்பது பேர் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த கணக்கு, அந்த எண்பத்தொரு பேரை வைத்துப் போட்ட கணக்கு. அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘ஆய்விலிருந்து விலகியவர்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை.’

இந்தக் கட்டுரையை எத்தனை முறை கையில் எடுத்திருக்கிறார்! மஞ்சள் மை வாங்கித் தீட்டியிருக்கிறார். இந்த வரி அவர் கண்ணில் பட்டதே இல்லை.

பிறகு மனசு தன் வேலையைக் காட்டியது. விலகுவது சகஜம்தானே? எந்த ஆய்வில்தான் எல்லாரும் கடைசி வரை இருக்கிறார்கள்? அப்படிச் சொல்லிக்கொண்டதும் மூச்சு சீராக வந்தது.

*

“முப்பத்தொம்பது பேரு விலகியிருக்காங்க மேடம்,” என்றார் மறுநாள்.

“ஏன் விலகுனாங்க?”

“ஊரு மாறியிருப்பாங்க. போன் நம்பர் மாறியிருக்கும். வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு வர சலிப்பா இருந்திருக்கும்.”

“கட்டுரையில அப்படிப் போட்டிருக்கா?”

“போடலை.”

“நீங்களா சொல்லுதீங்களா?”

“ஆமா மேடம்.”

“விலகுனவங்க புண்ணு எப்படி இருந்துச்சு? லேசா? மோசமா?”

“போடலை.”

“இப்ப அவங்க எங்க இருக்காங்க?”

“மேடம், அதை எப்படி நான்...”

“வாங்க சார். டீ குடிப்போம்.”

டீக்கடை கல்லூரி வாசலுக்கு எதிரே. அதற்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி. பள்ளிச் சுவரில் பெரிய பிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி. தாளாளர் கை கூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகப் பிள்ளைகளின் முகங்கள்.

மரியபுஷ்பம் டீயை ஊதிக்கொண்டே பேனரைப் பார்த்தார்.

“பரவால்லையே சார். ஒருத்தர்கூட பெயில் இல்லை. நல்லா நடத்துதாங்க போல.”

கோமதிநாயகம் சிரித்துவிட்டார். காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த பாரத்துக்கு அந்தச் சிரிப்பு தேவையாக இருந்தது.

“அட போங்க மேடம். இது ஒரு பெருமையா? தேறாத பிள்ளைகளை ஒம்பதாங் கிளாஸ்லயே டிசி கொடுத்து அனுப்பிருவாவ. எங்க தெருவுலயே ரெண்டு பயலுவளுக்குக் கொடுத்தாவ. தாயி தகப்பன் வந்து அழுது பார்த்தும் கேக்கலையே.”

“அப்ப பேனர்ல இருக்கிறது பொய்யா சார்?”

“பொய்யின்னு சொல்ல முடியாது. பரீட்சை எழுதுன பிள்ளைக எல்லாம் பாஸ்தான். கணக்கு சரிதான். பெயிலாகப் போறவனை எழுதவே விடலைன்னா அப்புறம் எப்படி மேடம் பெயில்...”

வாய் பாதியில் நின்றது.

அவர் பேனரைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். மேடம் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகத்தின் கையில் இருந்த டீ ஆடையிட்டுப் போனது.

“முப்பத்தொம்பது பேரு மேடம்,” என்றார்.

“ம்.”

“அவங்க எங்க மேடம்?”

“எனக்குத் தெரியாது சார். நிஜமாவே தெரியாது. நல்லாவும் இருக்கலாம். நீங்க சொன்ன மாதிரி போன் நம்பரும் மாறியிருக்கலாம். கேளுங்க. எழுதுனவங்களுக்கே எழுதிக் கேளுங்க. பதில் வாற வரைக்கும் அண்ணனுக்கு அந்த மருந்தைக் கொடுத்திராதீங்க.”

கோமதிநாயகம் தலை நிமிரவில்லை.

“சார்?”

அவர் டீயின் ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“சார், உங்களைத்தான் கேக்கேன்.”

“கொடுத்தாச்சு மேடம்.”

மரியபுஷ்பம் கிளாஸை பெஞ்சில் வைத்தார். பாதி டீ பெஞ்சில் கொட்டியது.

“எப்பருந்து?”

“உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாலருந்தே.”

“அப்ப அன்னைக்கு எதுக்கு சார் எங்கிட்ட வந்து சரியான்னு கேட்டீங்க?”

“நீங்க சரின்னு சொல்லிட்டா நிம்மதியா இருக்கும்னு...”

“நிம்மதியா?”

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் சத்தம் போட்டு அந்தத் தெரு கேட்டதில்லை. கோமதிநாயகமும் கேட்டதில்லை.

“கறுத்த விரலோட ஒரு மனுசன் வீட்ல கிடக்காரு. நான் இங்க உக்காந்து கத்தரிக்கோலை வச்சு வித்தை காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்! சொல்லியிருந்தா அன்னைக்கே சட்டையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருப்பேனே சார்! பாடம் எங்க ஓடிரப் போகுது?”

அவர் கண்ணில் நீர் கட்டியிருந்தது. கோபத்திலா, பயத்திலா என்று தெரியவில்லை. பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தார்.

“ஏறுங்க.”

*

மேடம் ஸ்கூட்டரை ஓட்ட, கோமதிநாயகம் பின்னால் உட்கார்ந்து போனார். அந்த ஊரில் அது சிரிப்பாகப் பார்க்கக்கூடிய காட்சி. அன்றைக்கு அவருக்கு யார் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை.

வாசலிலேயே சாம்பிராணி மணத்தது. மரியபுஷ்பம் உள்ளே ஒரு காலை வைத்தார். மூச்சை இழுத்தார். புகைக்கு அடியில் இருந்ததை அந்த ஒரு மூச்சிலேயே பிடித்துவிட்டார்.

“இவுகதானால ஒம் மேடம்?” என்றார் அண்ணன். “சின்னப் பிள்ளையாட்டும்லா இருக்காவ. இவுகளுக்கா இந்த நடுங்கு நடுங்குத?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போது பல் கிடுகிடுத்தது. அந்த உச்சி வெயிலிலும் போர்வை போர்த்தியிருந்தார்.

“அண்ணாச்சி, கட்டைப் பிரிக்கட்டுமா?” என்றார் மரியபுஷ்பம்.

“பிரிங்க. நல்லா காஞ்சுதான் இருக்கு.”

கட்டைப் பிரித்தார்கள்.

மேலே காய்ந்துதான் இருந்தது. போட்டோவில் அது மட்டும்தான் விழுந்திருக்கும்.

மரியபுஷ்பம் பாதத்தை மெல்லத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். பிறகு வேட்டியைக் கணுக்காலுக்கு மேலே ஒதுக்கினார். கோமதிநாயகமும் எட்டிப் பார்த்தார்.

பார்த்ததும் பின்னால் இருந்த பீரோவில் முட்டிக்கொண்டார். அவருக்கு மருந்துகளைப் பற்றி எல்லாம் தெரியும். அழுகின கால் எப்படி இருக்கும் என்று அதுவரை தெரியாது.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“எனக்குத் தெரியும். நாத்தம் வந்த அன்னைக்கே தெரியும். தம்பி படிச்சவரு, அவரு சொல்லுதாரு, நீ வாயை மூடுன்னு இவுக சொல்லிட்டாவ.”

“போன்ல அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கலாமே மதினி?”

“அவ புண்ணோட போட்டோவைத்தான கேட்டா. போட்டோவுல நாத்தம் வருமா?”

தம்பியின் முகத்தையே அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது.

*

சர்ஜன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

“விரலுக்கு வரச் சொன்னேன்,” என்றார். “இப்ப முழங்காலுக்குக் கீழ எடுக்கணும். இன்னைக்கே.”

“சார், விரலை மட்டும்...” என்றார் கோமதிநாயகம்.

சர்ஜன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க என்ன படிச்சிருக்கீங்க?”

“பார்மசி சார்,” என்றார் கோமதிநாயகம்.

“விரலோட போற கட்டம் தாண்டிப் போச்சுங்க. கையெழுத்துப் போடுங்க. லேட்டானா காலோடயும் நிக்காது.”

காகிதத்தை நீட்டினார்கள். கோமதிநாயகம் அதை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். கடைசியில் மதினிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

*

மறுநாள் மதியம் அண்ணனுக்கு நன்றாக நினைவு வந்தது.

போர்வையைப் பார்த்தார். வலது பக்கம் பாதி வரைக்கும் மேடாக இருந்தது. அதற்குக் கீழே போர்வை படுக்கையோடு படிந்து கிடந்தது.

அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

“ஏல கோமதி.”

“அண்ணே.”

“எதை வச்சுல இனி பிரேக்கு மிதிக்க?”

திட்டவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். தம்பி படித்தவன், அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று கேட்ட மாதிரி இருந்தது.

கோமதிநாயகம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நாற்பத்தெட்டு வயது ஆள், வார்டில் எல்லாரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மதினி வந்து தோளைத் தொட்டு வெளியே அனுப்பினாள்.

வராந்தா பெஞ்சில் மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ரொட்டிப் பாக்கெட்டும் ஒரு பிளாஸ்க்கும் இருந்தன. கோமதிநாயகம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், நான் இனிமே...”

“சாப்பிடுங்க சார். அப்புறம் பேசலாம்.”

ரொட்டியைக் கையில் வாங்கினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

போன் அடித்தது.

திரையில் நிஷாந்தி பெயர். எடுப்பதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மரியபுஷ்பம் கையை நீட்டிப் பச்சைப் பொத்தானைத் தள்ளினார். பிறகு ஸ்பீக்கரைத் தொட்டார்.

“வணக்கம் சார், நான் நிஷாந்தி பேசுதேன். ஐயாவோட போட்டோ இந்த வாரம் இன்னும் வரலை. அதான் கூப்பிட்டேன்.”

“இனி வராதும்மா.”

“ஏன் சார்?”

“காலை எடுத்துட்டாங்க.”

“ஐயோ சார்,” என்றாள். “எப்ப சார்?”

“நேத்து.”

“ஐயா இப்ப எப்படி இருக்காங்க? போன வாரம்கூட எங்கூட நல்லா சிரிச்சுப் பேசுனாங்களே. எனக்கு மனசே கேக்கலை சார்.”

“உயிர் இருக்கும்மா.”

“கடவுளே. அவங்க வீட்டம்மாவுக்குச் சொல்லுங்க சார், நான் வேண்டிக்கிடுதேன்னு.”

பொய்யாகச் சொல்லவில்லை. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்டது.

“சார், அப்ப ஐயா பேருக்கு நேரா ‘விலகினார்’னு போட்டுருதேன். இனிமே உங்களுக்கு போன் வராது.”

கோமதிநாயகம் நிமிர்ந்தார்.

“என்னன்னு போடுதே?”

“விலகினார்னு சார்.”

“எங்கண்ணன் விலகலைம்மா. காலை எடுத்துட்டாங்கன்னு சொல்லுதேன்.”

“புரியுது சார். ஆனா பன்னிரண்டு வாரம் முடிக்கலைல்லா? மருந்து போடவும் இனி அங்க புண்ணு இல்லை. முடிச்சவங்களைத்தான் சார் கணக்குல எடுப்பாங்க.”

“அதுக்காக விலகினாருன்னு எப்படிம்மா எழுதுவீங்க?”

“வேற எப்படி சார் எழுத?”

மரியபுஷ்பம் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்துவிட்டார். இந்தப் பக்கத்து அமைதியைக் கோபம் என்று நினைத்துக்கொண்டாள் நிஷாந்தி. சமாதானம் சொல்ல அவசரப்பட்டாள்.

“சார், நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்கண்ணனுக்குன்னு தனியா இப்படிப் போடலை. போன ஆய்வுலயும் கால் எடுத்த எல்லாருக்கும் அப்படித்தான் சார் போட்டோம்.”